ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் நண்பரோடு ஆற்றில் ட்ரவுட் பிடிக்கப் போகிறோம். தூண்டிலை எப்படிக் கட்டுவது, எதைக் கவனிப்பது?

முதலில் இடம். கிறெடிற், கனராஸ்கா, கிராண்ட் போன்ற ஆறுகளில் ஸ்டீல்ஹெட் எனப்படும் ரெயின்போ ட்ரவுட் இலையுதிர்காலத்திலேயே ஏரியிலிருந்து ஏறத் தொடங்கும். குளிரை ஆற்றில் கழித்து இளவேனிலில் சினையிடும். ஆனால் குளிர்காலத்தில் ஆறு முழுவதும் திறந்திருக்காது. பெரும்பாலும் முகத்துவாரத்தை ஒட்டிய கீழ்ப்பகுதிதான். மாகாண அரசின் அந்த ஆண்டு விதிகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 18 முதல் 64 வயதுக்குள் என்றால் இருவருக்கும் தனித்தனி உரிமம் வேண்டும்.

விடியப் போய் நிற்பதில் பயனில்லை. காலையில் ஆற்றில் பனிக்கூழ் மிதந்து வரும். நூல் அதில் சிக்கும். 11 மணி முதல் 3 மணி வரை போதும். சில நாள் கடுங்குளிருக்குப் பிறகு வெப்பநிலை 0 பாகையை ஒட்டி ஏறும் நாள் நல்லது. மழையோடு பனி உருகும் நாளில் போகாதீர்கள்: பனிக்கட்டி உடைந்து வரும், தண்ணீர் திடீரென்று ஏறும்.

1, 2 பாகைத் தண்ணீரில் மீனின் உடல் மந்தமாகிவிடும். ஆழமான, மெதுவாக ஓடும் குழிகளில் அடியோடு கிடக்கும், இரையைத் துரத்தாது. ஆகவே இரை அதன் மூக்குக்கு நேரே, அடிநீரின் வேகத்தில் வரவேண்டும். வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான், இரையை அல்ல.

11 முதல் 13 அடித் தடி, 8 இறாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் நூல்), 6 கிராம் மிதவை. நுனியில் 6 இறாத்தல் ஃபுளோரோகார்பன் நூல் 50 சென்ரிமீற்றர், 8 அல்லது 10ஆம் இலக்கத் தூண்டில்முள். ஈயக்குண்டுகளை ஒரே இடத்தில் குவிக்காமல், மிதவைக்குக் கீழே பெரியதில் தொடங்கித் தூண்டிலை நோக்கிச் சிறியதாகப் பரப்புங்கள். இரைக்கு நாலைந்து மீன்முட்டைகளை வலைத்துணியில் கட்டிய பட்டாணியளவு பொட்டலம் போதும்.

மிதவையைப் பத்துப் பத்துச் சென்ரிமீற்றராக மேலேற்றிக்கொண்டே போங்கள். இரை அடியைத் தட்டி மிதவை துடிக்கத் தொடங்கியதும் 15 சென்ரிமீற்றர் கீழிறக்குங்கள். மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால், விட்டால் மிதவை இரையை இழுத்துக்கொண்டு ஓடும். நூலைத் தண்ணீரில் கிடக்கவிடாமல் தூக்கி, நூலால் மிதவையை மெல்லத் தடுத்துத் தடுத்து விடுங்கள். அது ஆறு வரும் திசைக்குச் சற்றுச் சாய்ந்து, பக்கத்து நுரையைவிட மெதுவாகப் போனால் சரி. குளிரில் மீன் இழுக்காது. மிதவை ஒரு கணம் தயங்கினாலே தடியை வெடுக்கென்று இழுங்கள்.

தடியின் வளையங்களில் பனி கட்டுவதுதான் பெரிய தலைவலி. நூல் கொண்டுவரும் நீர்த்துளி நுனி வளையத்தில் முதலில் உறையும். அந்த நேரம் பெரிய மீன் ஓடினால் நூல் அறும். உதட்டுக்குப் பூசும் களிம்பை வளையங்களில் மெல்லியதாகத் தடவுங்கள். சிறிது நேரம் தாங்கும். பிறகு நுனியைத் தண்ணீருக்குள் விட்டால் கரையும். தட்டி உடைத்தால் வளையத்தின் பீங்கான் வெடிக்கும். பின்னல் நூல் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதால் இந்தக் காலத்துக்கு வேண்டாம். வெப்பநிலை -5 பாகைக்குக் கீழே போனால் மீன்பிடிப்பதைவிடப் பனி அகற்றும் வேலைதான் அதிகம்.

காலுக்கு ஒரு மெல்லிய காலுறை, மேலே ஒரு கம்பளி. விரல்கள் அசையாதபடி இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். ஜீன்ஸ், பருத்தி எதுவும் வேண்டாம். கையுறை இரண்டு சோடி. குடுவையில் தேத்தண்ணி.

இருவர் ஒரே குழியில் நின்றால் ஆற்றின் மேற்பக்கம் நிற்பவர் முதலில் மிதவையை விடட்டும். அவர் மிதவை கடந்த பிறகு மற்றவர். மீன் மாட்டினால் மற்றவர் தன் நூலைச் சுருட்டிவிட்டு, அத்தாங்கைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காத்திருக்க வேண்டும். வலையோடு மீனைத் துரத்தினால் தப்பிவிடும். திரும்ப விடுவதாக இருந்தால் தண்ணீருக்குள்ளேயே கழற்றுங்கள். உறைகுளிரில் வெளியே தூக்கினால் செவுள் உறைந்து சேதமாகும்.

கரையோரப் பனித்தட்டில் ஏறாதீர்கள். தண்ணீர் வடிந்திருந்தால் அடியில் தாங்க எதுவும் இராது. மானிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லும் 1-10-1 கணக்கை இருவரும் தெரிந்துவைத்திருங்கள்: விழுந்தால் மூச்சைச் சீராக்க 1 நிமிடம், கைகால் சொல்வழி கேட்கும் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி. ஆகவே இருவரும் ஒரே நேரத்தில் ஆழத்தில் இறங்கக் கூடாது. இறங்குபவர் வேடர்ஸ் எனப்படும் நீர்புகா உடுப்பின் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டட்டும். கரையில் நிற்பவரிடம் கயிறும் கார்ச் சாவியும் இருக்கட்டும். மாற்று உடுப்பு காரில்.