ஒரு காம்பில்தான் மருந்து ஏற்றினோம், மற்ற மூன்று காம்புப் பாலை ஊற்றலாமா?

மாட்டுக்கு ஒரு காம்பில் மடிநோய். மருத்துவர் மூன்று நாள் ட்யூப் மருந்து ஏற்றியிருக்கிறார். மற்ற மூன்று காம்புப் பாலைத் தனியாகக் கறந்து விற்பனைக்கு ஊற்றலாம், காய்ச்சினால் மருந்து போய்விடும் என்கிறாராம் பால் எடுக்க வருபவர். சரியா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே தப்பு. ஏற்றிய மருந்தில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து மற்ற காம்புகளுக்கும் வந்துவிடும், அதனால் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், பெனிசிலின் மாதிரிக் கிருமிக்கொல்லி மருந்து பெரும்பாலும் அப்படியே தங்கும். ஒரு கிலோ பாலில் 4 மைக்ரோகிராமுக்கு மேல் பெனிசிலின் இருக்கக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. இது எவ்வளவு குறைவென்றால், உங்கள் ஒரு மாட்டுப் பால் ஒரு தொட்டிப் பாலையே கெடுத்துவிடும். பெனிசிலின் ஒவ்வாமை உள்ள குழந்தை அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சரி, எப்போது ஊற்றலாம்? ட்யூப் அட்டையில் 'பால் விலக்கு நேரம்' என்று மணிக்கணக்கில் போட்டிருக்கும். கடைசி ட்யூப் ஏற்றிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கடைசி ட்யூப், அட்டையில் 72 மணி என்றால், வெள்ளி மாலை ஆறு மணிக்குப் பிறகு கறக்கிற பாலைத்தான் ஊற்றலாம். கட்டி கட்டியாக வருவது நின்றதும் பால் சுத்தம் என்று அர்த்தமில்லை. தயிர் உறைந்துவிட்டதே என்பதும் சாட்சி இல்லை, வரம்பைத் தாண்டிய பாலும் பல நேரம் உறையும்.

'விலக்கு நேரமே இல்லாத மருந்து' என்று சொல்லி விற்பவர்களிடம் கவனம். அப்படி ஒன்று உண்டு, செஃப்டியோஃபர் என்ற கிருமிக்கொல்லி ஊசி. பல நாடுகளில் அதன் அட்டையில் பாலுக்குப் பூஜ்யம்தான். ஆனால் அது ஊசிக்கு மட்டும், அதுவும் அட்டையில் சொன்ன அளவுக்கு மட்டும். அதே செஃப்டியோஃபரை ட்யூபாக மடிக்குள் ஏற்றினால் விலக்கு நேரம் உண்டு, 72 மணி போட்ட அட்டையும் இருக்கிறது. ஊசியே போட்டாலும் இறைச்சிக்குச் சில நாள் காத்திருக்க வேண்டும். மருந்தின் பெயரை மட்டும் காட்டிப் பூஜ்யம் என்பவரை நம்பாதீர்கள்.

அட்டையைக் கிழித்துவிட்டு உதிரியாக விற்கிற மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டாக ஏற்றினால் அட்டையில் உள்ள நேரம் செல்லாது, மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குத் தாங்க முடியாதது இதுதான்: பாலைத் தொட்டியில் கலந்த பிறகு சோதிக்கிறார்கள், அதற்குள் நல்ல பாலும் போய்விடுகிறது. மருந்துச் சீட்டில் 'இத்தனை மணி வரை பால் ஊற்றாதே' என்று ஒரு வரி எழுத எங்கள் கால்நடை மருத்துவர்களுக்கு என்ன கஷ்டம்? எழுதவில்லையென்றால் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். அப்புறம், அந்த மாட்டின் காலில் சிவப்பு நாடா ஒன்று கட்டிவிடுங்கள், மறுநாள் வேறு யாராவது கறக்க வந்தாலும் தெரியும்.