அப்பம்மா சொன்னது

அன்புள்ள அக்கா,

செத்தவர்கள் எழும்பி மனிதரைத் தின்ன வரும் ஜாம்பித் தொடர்கள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் 'தி வாக்கிங் டெட்' பார்க்கத் தொடங்கினேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் கூட இருந்து பார்ப்பார். இரண்டாவது சீசனில் ஷேன் என்பவன் தன்னோடு வந்த ஓட்டிஸின் காலில் சுட்டு, ஜாம்பிகளிடம் விட்டுவிட்டு ஓடும் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு அவர் பார்க்க வரவேயில்லை.

2004 சுனாமியின்போது நாங்கள் சல்லியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். அப்பம்மாவுக்கு நடக்க ஏலாது. "பிள்ளையைக் கொண்டு ஓடு" என்று அவர் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. அந்த நாளைப் பற்றி அப்பா இன்றுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

ஷேன் அப்படிச் செய்யாவிட்டால், வெடிபட்டுக் கிடந்த சிறுவன் கார்ல் சத்திரசிகிச்சைச் சாமான் வராமல் செத்திருப்பான். அப்போ அவன் செய்தது சரிதானே? ஒருவர் பிழைக்க இன்னொருவர் போகத்தான் வேண்டும் என்றால், இதில் நல்லவன் கெட்டவன் என்று என்ன இருக்கிறது?

ச., திருகோணமலை

(கடிதத்தை அவருடைய சம்மதத்தோடு சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

நீங்கள் நேரே கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஷேன் செய்ததும் உங்கள் அப்பா செய்ததும் ஒன்றல்ல. கிட்டக்கூட வராது.

அந்தக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். மானுக்கு ஓட்டிஸ் வைத்த துவக்கு வெடிதான் மானைத் துளைத்துக்கொண்டு போய்ப் பிள்ளையில் பட்டது. அந்த மனவேதனையில், சத்திரசிகிச்சைச் சாமான் எடுத்துவர நானும் வருகிறேன் என்று அவனாகவே கிளம்புகிறான். திரும்பும்போது இரண்டு பேருமே நொண்டுகிறார்கள். துவக்கு ரவை முடியப்போகிறது. பின்னால் ஜாம்பிக் கூட்டம் நெருங்குகிறது. அந்த இடத்தில் ஷேன் முந்தி ஓடிப்போயிருந்தால் நான் அவனை ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். உயிருக்குப் பயந்து ஓடுவதில் பிழை ஒன்றுமில்லை. இந்தக் கடற்கரையில் அன்றைக்குக் காலை ஓடாதவர் யார்? ஷேன் நின்று, திரும்பி, கூட வந்தவனின் காலில் சுட்டான். ஓட்டிஸுக்கு ஓடக் கிடைத்த வாய்ப்பைத் தன் கையாலேயே பறித்தான்.

கார்ல் பிழைத்தது உண்மை. தொடர் அதை மறைக்கவில்லை, ஷேனுக்கு உடனே தண்டனை கொடுத்து நம்மைத் திருப்திப்படுத்தவும் இல்லை. ஆனால் அடுத்த எபிசோடில் ஓட்டிஸுக்கு நினைவு அஞ்சலி நடக்கிறதே, அதை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். கடைசி நேரத்தில் என்ன நடந்தது, சொல்லு என்று ஓட்டிஸின் மனைவி பட்ரிசியா கேட்கிறாள். ஷேனுக்கு வேறு வழியில்லை. ஓட்டிஸ் தன்னை ஓடச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று காத்தான் என்று ஒரு கதை சொல்கிறான். எனக்கு இந்தத் தொடரிலேயே மிக முக்கியமான இடம் இதுதான். கொன்றவனுக்கே தெரிந்திருக்கிறது, அந்தச் சாவை மற்றவர்கள் ஏற்க வேண்டுமென்றால் ஓட்டிஸ் தானாக விரும்பிக் கொடுத்ததாக அது இருக்க வேண்டும் என்று. அப்படி விரும்பியிருந்தால் ஓட்டிஸே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தையை, செத்த பிறகு அவன் வாயில் வைக்கிறான்.

உங்கள் அப்பாவுக்கு அப்படிக் கதை கட்ட வேண்டிய தேவை இல்லை. அப்பம்மா சொன்னார். உரத்துச் சொன்னார். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

2010இல் தொடங்கி 2022இல் முடிந்த தொடர் இது. 11 சீசன், 177 எபிசோட். அதில் தியாகம் என்று கனக்க வரும். (நீங்கள் இன்னும் அங்கே வரவில்லை. கதையை முன்கூட்டிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.) ஜாம்பியிடம் கடிபட்ட பிறகு ரீ-டாக் என்பவன் தன்னையே கூட்டத்தின் மேல் எறிந்து, கூட வந்த கரோலைத் தப்பவிடுகிறான். எப்படியும் சாகிறவன்தானே என்பார்கள் சிலர். எனக்கு அந்தப் பேச்சுப் பிடிப்பதில்லை. மிச்சமிருந்த கொஞ்ச நேரமும் அவனுடையதுதான்.

ஆனால் என் மனதில் நிற்பவர் ஹெர்ஷல். நான்காவது சீசனில், அவர்கள் ஒளிந்து வாழும் சிறைக்குள் காய்ச்சல் பரவுகிறது. நோயாளிகளைத் தனி பிளாக்கில் அடைத்துவிடுகிறார்கள். ஒரு கால் போன கிழவர், அதுவும் மிருக வைத்தியர், மகள் மறிக்க மறிக்க எல்டர்பெரிக் கசாயத்தோடு உள்ளே போகிறார். மூச்சுவிட முடியாத ஒருவனின் தொண்டைக்குள் குழாயை இறக்கி, பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுக்கிறார்கள். இருமிக்கொண்டிருக்கும் நோயாளிகளே முறை வைத்து அமுக்குகிறார்கள். செத்தவர் ஜாம்பியாக எழும்பாமல் இருக்கத் தலையில் குத்த வேண்டும்; அதை மற்ற நோயாளிகளின் கண்ணெதிரே செய்யக் கூடாது என்று கட்டிலோடு தள்ளிக்கொண்டு அப்பால் போய்த்தான் அந்த வேலையைச் செய்கிறார். விடியும்போது உயிரோடுதான் இருக்கிறார். தன்னைக் கொடுப்பது என்றால் சாவது என்று இந்த வகைக் கதைகள் நம்மைப் பழக்கிவிட்டிருக்கின்றன. அந்த ஒரு எபிசோட் அதை உடைக்கிறது.

2006 யுத்தத்தில் சம்பூர்ப் பக்கத்துச் சனம் ஷெல்லடிக்குள் வெருகல் தாண்டி வாகரைக்கு நடந்தபோது என் பெரியம்மா கிளம்பமாட்டேன் என்றுவிட்டார். கோழி நிற்குது, யார் தீனி போடுறது, நீங்கள் போயிட்டு வாங்கோ என்றாராம். கோழி ஒரு சாட்டு. முழங்கால் ஏலாத தன்னால் பிள்ளைகள் பிந்திப்போவார்கள் என்று அவருக்குத் தெரியும். மருமகன் கேட்கவில்லை; சைக்கிள் கரியரில் ஏற்றி, பழைய சாரத்தால் இடுப்போடு சீற்றில் கட்டி, உருட்டிக்கொண்டே போனார். அந்த மனிதரை எங்கள் குடும்பம் தெய்வம் மாதிரிப் பார்க்கிறது. ஆனால் அவருக்கு ஒரு சைக்கிளும் முழுதாக ஒரு பகலும் இருந்தன. உங்கள் அப்பாவுக்கு இரண்டு கையும் சில நிமிடங்களும்தான் இருந்தன. அந்த இரண்டு கையிலும் நீங்கள் இருந்தீர்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு எதுவும் நினைவிராது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். தாய் சொன்னதைத் தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை, இப்போது சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள் என்றும் நினைத்திருக்கலாம். அவர் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் தொடங்குங்கள். அன்றைக்கு அப்பம்மா கத்தியது எனக்கும் கேட்டது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் கதைப்பதும் கதைக்காததும் அவர் விருப்பம்.

தொடரை விட்டுவிட வேண்டாம். மூன்றாவது சீசனின் நான்காவது எபிசோடுக்கு மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள். அதில் ஒரு பிள்ளை பிறக்கத் தாய் சாகிறாள், அது இப்போதைக்கு அவருக்குத் தாங்காது. நான்காவது சீசனில் ஐந்தாவது எபிசோடுக்குக் கூப்பிடுங்கள். ஹெர்ஷலை அவருக்குப் பிடிக்கும்.

அன்புடன்,
அக்கா