பாகமும் பக்தியும்

அன்புள்ள ஐயா,

நான் மேலூரில் பத்திர எழுத்தராக இருக்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரம் வாரத்துக்கு ஒன்றாவது வரும். எங்கள் தெருப் பஜனை மடத்தில் பேச வந்த ஒருவர், ‘பாகம்’, ‘பக்தி’ இரண்டும் ‘பஜ்’ என்ற ஒரே வடமொழி வேரில் பிறந்தவை என்றார். சொத்தைப் பிரிப்பதற்கும் சாமி கும்பிடுவதற்கும் என்ன உறவு? வடமொழி வினைவேர்களின் பட்டியலான தாதுபாடத்தில் அந்த வேருக்குச் ‘சேவை’ என்றுதான் பொருள் போட்டிருக்கிறது என்கிறார் ஒரு நண்பர். எல்லாமே தமிழ்ப் ‘பகு’விலிருந்து போனவை என்கிறார் இன்னொருவர். தாங்கள் விளக்க வேண்டும்.

மேலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மடத்தில் பேசியவர் சொன்னது சரி. தாதுபாடத்தைப் பார்த்த நண்பரும் தவறு செய்யவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பட்டியல் வேர்களைக் கணங்களாக, அதாவது வகைகளாகப் பிரிக்கிறது. முதற்கணத்தில் ‘பஜ ஸேவாயாம்’ (சேவைப் பொருளில் பஜ்) என்று வருவது, பத்தாம் கணத்தில் ‘பஜ விச்ராணனே’ என்று, அதாவது கொடுத்தல் என்னும் பொருளில் மீண்டும் வருகிறது. தாதுபாடத்தின் பொருட்குறிப்பு ஒரு வேரை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய ஒட்டிய சீட்டுப் போன்றது; தாதுக்கள் பல பொருள் உடையவை என்பதை இலக்கணிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே சீட்டை விட்டுவிட்டு வழக்கைப் பார்ப்போம்.

வேத வழக்கில் இந்த வினைக்குப் பகிர்தல் என்பதே அடிப்படை. இது இரு வகை விகுதியும் ஏற்கும் வினை. பயன் பிறருக்குச் செல்லும் ‘பஜதி’ என்ற வடிவில் பங்கிட்டுக் கொடுத்தலையும், பயன் செய்பவனுக்கே திரும்பும் ‘பஜதே’ என்ற வடிவில் தன் பங்கைப் பெறுதல், துய்த்தல், நாடிச் சேர்தல் ஆகியவற்றையும் முதன்மையாகக் குறித்தது. சேவையும் வழிபாடும் இந்த இரண்டாவது கிளையில், ஒன்றைத் தனக்குரியதாக்கி அதிலேயே நிற்றல் என்ற பொருளிலிருந்து விளைந்தவை. பங்கு என்பதால் பாகம். பங்காக வாய்த்த நற்பேறு என்பதால் பாக்கியம். அந்தப் பேற்றை உடையவன் பகவான். பெயர்ச்சொல்லை வேற்றுமைகளாகப் பிரிப்பதால் விபக்தி.

நடுவில் சோறு வருகிறது. ‘பக்தம்’ என்றால் பங்கிடப்பட்டது. அதுவே பிறகு சமைத்த சோற்றுக்குப் பெயராயிற்று. மராட்டியிலும் வங்காளத்திலும் சோற்றைக் குறிக்கும் ‘பாத்’ அதன் தேய்ந்த வடிவம். மதுரைச் சௌராட்டிர வீடுகளின் அடுப்படியிலும் அது உண்டு, நம் பந்திகளில் பரிமாறும் பகாளாபாத்திலும் உண்டு. தீபாவளிப் பட்சணத்தின், உண்ணுதலைக் குறிக்கும் ‘பக்ஷ்’ என்ற வேரும் இதிலிருந்து கிளைத்ததே என்பர் மொழியியலார்.

வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி தம் நூலில் இதைவிடச் சுவையாக ஒன்று வைத்திருக்கிறார். நான்காம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தின் 95ஆம் சூத்திரம், ஒருவனுக்கு எதில் பக்தியோ அதைக் கொண்டு அவனுக்குப் பெயர் ஆக்குவதைப் பற்றியது. வாசுதேவனிடம் பக்தி உடையவன் ‘வாசுதேவகன்’ என்பது 98ஆம் சூத்திரத்தில் வருகிறது. ஆனால் அதற்கு முன்பே, 96ஆம் சூத்திரத்துக்குக் காசிகை என்னும் பழைய உரை தரும் எடுத்துக்காட்டுகளில், அப்பத்தில் பக்தி உடைய ‘ஆபூபிகன்’, பாயசத்தில் பக்தி உடைய ‘பாயசிகன்’ ஆகியோர் வந்துவிடுகிறார்கள். தோசைக்காகவே அழகர்கோவில் பஸ் ஏறுகிற நம்மூர்க்காரரை அந்த உரைகாரர் எந்தத் தயக்கமும் இன்றிப் பக்தர் பட்டியலில் சேர்த்திருப்பார். கண்ணீர் மல்க உருகுதல் என்று நாம் இன்று கொள்ளும் பொருள் அச்சொல்லுக்குப் பின்னால் ஏறியது. அதில் தமிழ்நாட்டு ஆழ்வார்களுக்கும் நாயன்மார்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

‘பகு’வைப் பற்றி. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி இருக்கும்போது உறவு கொண்டாடத் தோன்றுவது இயல்பே. ஆயினும் ‘பஜ்’ஜின் உறவினர்கள் வடமேற்கே இருக்கிறார்கள்: பழம்பாரசீகத்தில் கடவுளைக் குறிக்கும் ‘பக’, கிரேக்கத்தில் உண்ணுதலைக் குறிக்கும் ‘பகெயின்’. ‘பகு’வுக்கோ பகுதி, பால், பாதி, பகல் என்று தமிழிலேயே பெரிய குடும்பம் இருக்கிறது, தெலுங்கின் ‘பகுலு’வும் அதன் உறவே. இரண்டும் தனித்தனிக் குடும்பங்கள், முகச்சாயல் தற்செயலானது என்பதே என் முடிவு.

நீங்கள் எழுதும் பத்திரத்தின் தலைப்பிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ‘பாகம்’ என்பதும் பிரித்ததுதான், ‘பிரிவினை’ என்பதும் பிரித்தல்தான். முன்னது வடமொழி, பின்னது தமிழ். அண்ணன் தம்பிக்குச் சந்தேகம் வந்துவிடக்கூடாது என்று நம் முன்னோர் இரண்டு மொழியிலும் எழுதி வைத்துவிட்டார்கள் போலும்.