நைஜீரியாவுல இருக்கற இக்போ இன ஆளுங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி மூக்கா? அளந்து பாத்திருக்காங்களா?

அளந்திருக்காங்க, நிறையவே. நான் நைஜீரியாவுல எனுகுங்கற ஊர்ல ஒரு மெடிக்கல் காலேஜ்ல மூணு வருஷம் அனாடமி எடுத்தேன், கிளாஸ்ல முக்கால்வாசி பசங்க இக்போ, அதனால இந்தக் கேள்வியைப் பாத்துட்டு சும்மா போக முடியல. "நைஜீரியாவுல இக்போகாரங்கன்னா எல்லாருக்கும் சப்பை மூக்குதானே"ன்னு கேட்டிருக்கீங்க, அதுல அந்த "எல்லாருக்கும்"தான் தப்பு.

முதல்ல எப்படி அளக்கறாங்கன்னு சொல்லிடறேன். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல மூக்கு ஆரம்பிக்கிற பள்ளத்துலேருந்து, கீழ மூக்கு மேலுதட்டுல வந்து சேர்ற இடம் வரைக்கும் உயரம். ரெண்டு பக்கத்து மூக்கு மடலோட வெளி ஓரத்துக்கு நடுவுல இருக்கறது அகலம். ரெண்டு முனைக்கு நடுவுல பிடிச்சு அளக்கற காலிப்பர்ங்கற கருவியை அழுத்திப் பிடிச்சா மடல் உள்ள போயிடும், அளக்கும்போது ஆளு சிரிச்சா விரிஞ்சுடும், என் பசங்க ஒருத்தரை ஒருத்தர் அளந்தப்போ இந்தச் சிரிப்பாலயே பாதி ரீடிங்கைத் திரும்ப எடுக்க வேண்டியதாச்சு. அகலத்தை உயரத்தால வகுத்து 100ஆல பெருக்கினா வர்றதுதான் நேசல் இண்டெக்ஸ். 70க்குக் கீழ இருந்தா குறுகின மூக்கு, 70லேருந்து 85 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல அகலமான மூக்குன்னு பிரிச்சு வச்சிருக்காங்க.

தென் நைஜீரியாவுல நடந்த ஒரு ஆய்வு 2007ல வந்துச்சு, அதுல இக்போ ஆளுங்களோட ஆவரேஜ் சுமார் 94, அங்க இருக்கற மத்த இனங்கள்ல யொரூபா 89, இஜா 96. மூணுமே அகலமான மூக்கு வகைதான், அந்த அளவுல நீங்க கேட்டதுல விஷயம் இருக்கு. ஆனா அது ஆவரேஜ். இன்னொன்னு, இண்டெக்ஸ்ங்கறது ஒரு விகிதம், மூக்கோட சைஸ் இல்ல, இதை நிறைய பேர் குழப்பிக்கறாங்க. கணக்குக்கு ரெண்டு பேரை வச்சுக்குங்க, ரெண்டு பேருக்கும் அகலம் 43 மில்லிமீட்டர், ஒருத்தருக்கு உயரம் 45, இன்னொருத்தருக்கு 52. முதல் ஆளுக்கு 95க்கு மேல வரும், ரெண்டாவது ஆளுக்கு 83தான், வகையே மாறிடுது, அகலம் ஒரு நூல் கூட மாறல. அதே மாதிரி சின்ன மூக்கும் பெரிய மூக்கும் ஒரே இண்டெக்ஸ்ல வந்து உக்காரும். அதனால வெறும் இண்டெக்ஸ் மட்டும் போட்டு உயரம் அகலம் தனித்தனியா போடாத பேப்பரை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன்.

வடிவம்னு பாத்தா அது இந்த ரெண்டு அளவுல அடங்கவே அடங்காது. மூக்குத்தண்டு எவ்வளவு எடுப்பா இருக்கு, நுனி உருண்டையா கூரா, கீழ இறங்கியிருக்கா மேல தூக்கியிருக்கா, துவாரம் வட்டமா படுத்த மாதிரியா, இது எதுவும் இண்டெக்ஸ்ல வராது. என் கிளாஸ்ல எடுப்பான தண்டோட நீளமூக்கு உள்ள ஒரு பொண்ணு இருந்தா, அப்பா அம்மா ரெண்டு பேரும் நிசுக்கா பக்கத்து இக்போ, அவளோட கூடப்பிறந்த தம்பி மூக்கு அவளோடதுக்கு நேர் எதிர். 3 கோடிக்கு மேல இருக்கற ஜனம், நைஜர் ஆத்துக்கு இந்தப் பக்கம் ஒனிச்சா ஊரு அந்தப் பக்கம் அசாபா ஊரு, வடக்க இகாலா, இடோமா, தெற்க இபிபியோ இன ஆளுங்கன்னு எல்லாப் பக்கமும் கொண்டான் குடுத்தான் உண்டு. அப்புறம் ஆம்பளைங்களுக்கு உயரம் அகலம் ரெண்டுமே சராசரியா கூடுதல், வயசாக ஆக நுனி தொங்கும், ஆனா நிறைய ஆய்வுல கைக்கு எட்டற காலேஜ் பசங்களைத்தான் அளக்கறாங்க.

ஏன் அகலம்னா, வெப்பமும் காத்துல ஈரமும் ஜாஸ்தியா இருக்கற ஊர்ல மூக்கு உள்ள இழுக்கற காத்தைச் சூடாக்கி ஈரமாக்கற வேலை கம்மி. 2017ல பென்சில்வேனியாவுல நடந்த ஆய்வுல துவாரத்தோட அகலத்துக்கும் முன்னோர் வாழ்ந்த இடத்தோட வெப்பம், ஈரப்பதத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்டினாங்க. அது மட்டுமே காரணம்னும் சொல்லல. டிசம்பர்ல சஹாரா பக்கத்துலேருந்து ஹர்மட்டான் காத்து வறட்டு தூசியோட வர்றப்போ எனுகுவுல மூக்கு உள்ளெல்லாம் வெடிக்கும், அப்பதான் மூக்குக்கு என்ன வேலைன்னே புரியும்.

இப்படி மூக்கை அளக்கறதுக்குப் பின்னாடி ஒரு மோசமான பழைய கதை இருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரல. 1910லேருந்து நார்த்கோட் தாமஸ்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஆக்காங்கற ஊர்ப் பக்கம் இக்போ ஆளுங்களை நிக்க வச்சு முகத்தை நேராவும் பக்கவாட்டுலயும் "உடல் வகை"ன்னு போட்டோ எடுத்தாரு. அதுக்கு முன்னாடியே நம்ம எழும்பூர் மியூசியத்தைப் பாத்துக்கிட்ட எட்கர் தர்ஸ்டன் இதே காலிப்பரை வச்சு ஜாதி ஜாதியா மூக்கை அளந்துட்டு இருந்தாரு, ரிஸ்லின்னு இந்தியாவுல இருந்த இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி ஒரு படி மேல போய் இண்டெக்ஸ் ஏற ஏற ஜாதி இறங்கும்னே எழுதினாரு. நம்மளை அளந்த கருவிதான் அவங்களையும் அளந்துச்சு. அதனாலதான் "இக்போ மூக்கு இப்படி"ன்னு யாராவது ஒத்த வரியில சொன்னா எனக்குச் சுருக்குனு இருக்கும்.

இப்ப இந்த அளவு தேவைப்படறது வேற இடத்துல. மூக்கு சர்ஜரி புக்குல, மூக்கோட அகலம் ரெண்டு கண்ணோட உள் ஓரத்துக்கு நடுவுல இருக்கற தூரத்துக்குச் சமமா இருக்கணும்னு ஒரு பழைய ஐரோப்பிய அளவு உண்டு. இக்போ முகம் நிறையத்துக்கு மூக்கு அதைவிட அகலம், அது குறை கிடையாது. என் ஸ்டூடன்ட் ஒருத்தனுக்கு பைக் ஆக்சிடென்ட்ல மூக்கு நொறுங்கிடுச்சு, முதல்ல பாத்த ஒரு ஆஸ்பத்திரியில அந்த புக் அளவுக்கே மடலைக் குறைச்சுக் கட்டிடலாம்னாங்க, அவன் ஒத்துக்கல. அடுத்து பாத்த சர்ஜன் அவனோட காலேஜ் அட்மிஷன் போட்டோவைக் கொண்டு வரச் சொல்லி, அவன் அண்ணனையும் உக்கார வச்சு அண்ணன் மூக்கையும் காலிப்பரால அளந்துட்டுத்தான் ஆரம்பிச்சாரு. கட்டு பிரிச்ச அன்னைக்கு அவங்க அம்மா ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தாங்க.