கேள்வி நேரம்: அஞ்சார் பள்ளியில் எந்த மொழி?

கேள்வி: லெபனானில் அஞ்சார் என்ற ஊரில் அர்மீனிய அகதிகளின் வழிவந்த பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவப் பள்ளிகள் நடக்கின்றனவாமே. நம் தமிழ்ப்பள்ளி மாதிரி எல்லாப் பாடமும் தாய்மொழியில்தானா? புத்தகம் அர்மீனியாவிலிருந்து வருமா?
– ஒரு பெற்றோர், சுங்கை சிப்புட்

பதில்: இரண்டுக்குமே இல்லை.

1939இல் ஹத்தாய் பகுதி துருக்கி வசம் போனதும், மூசா தாக் மலையின் ஆறு ஊர்க்காரர்கள் பெக்கா பள்ளத்தாக்கில் வந்து குடியேறிய ஊர் அஞ்சார். அங்குள்ள ஆறு பேட்டைகளுக்கும் இன்றுவரை விட்டுவந்த ஊர்களின் பெயர்தான். அப்போஸ்தலிக்க, கத்தோலிக்க, இவாஞ்சலிக்கல் என மூன்று சபைக்கும் பள்ளி உண்டு. எல்லாம் தனியார் பள்ளி. 

நாட்டுப் பாடத்திட்டப்படி அரபு கட்டாயம். கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ. அர்மீனிய மொழி, அர்மீனியர் வரலாறு, வேதபாடம் இவற்றுக்குத் தனியே நேரம் ஒதுக்குவார்கள். ஆக, சின்னப் பிள்ளை மூன்று வகை எழுத்தைப் பழக வேண்டும். அதில் அரபு வலமிருந்து இடம் போகும்.

புத்தகச் சிக்கல்தான் பெரிது. இவர்கள் பேசுவது மேற்கு அர்மீனியம், அர்மீனியத் தலைநகர் யெரெவானில் பேசுவது கிழக்கு. எழுத்து ஒன்றே, ஒலி மாறும். யெரெவானில் 'ப' வல்லினமாக ஒலிக்கும் எழுத்து, அஞ்சாரில் 'கம்பம்' என்பதில் வரும் 'ப' போல மெலியும். ஒரே பெயரை யெரெவானில் Petros என்றும் அஞ்சாரில் Bedros என்றும் கூப்பிடுவார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் பெத்ரோஸ்தான், நமக்கு அந்தத் தொல்லை இல்லை! எழுத்திலக்கணமும் வேறு. இயேசுவின் பெயரை 'ஹிசூஸ்' என்றே வாசித்தாலும், மேற்கில் 'ய' எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். 1922 சீர்திருத்தத்துக்குப் பிந்திய யெரெவான் நூலில் 'ஹ'. வேதாகமத்தில் ஒன்று, பாடநூலில் ஒன்று என்றால் பிள்ளை சொல்வதெழுதுதலில் தடுமாறாமல் என்ன செய்யும்? அதனால் மேற்கு அர்மீனியத்திலேயே எழுதிய நூல்கள்தான் சரிப்படும்.

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளி நிலை வேறு. ஆறாம் ஆண்டு வரை தமிழே போதனா மொழி. இடைநிலைப்பள்ளியில், படிவம் 1இல்தான் அது தனிப்பாடமாகச் சுருங்குகிறது, அதுவும் கேட்டால்தான். 1996 கல்விச் சட்டப்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். பெயர்ப் பட்டியலோடு கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். கால அட்டவணை போட்ட பிறகு போனால் 'ஆசிரியர் இல்லை' என்ற பதில்தான் வரும்.

கேள்வி: பினாங்கு அர்மீனியன் தெருக்காரர்களும் இதே அகதிகளா?
– வாசகர், கூலிம்

பதில்: இல்லை. அவர்கள் ஒட்டோமான் துருக்கியில் 1915இல் நடந்த அர்மீனிய இன அழிப்புக்கு வெகு முன்பே வந்த வணிகர்கள். 1885இல் பினாங்கின் ஈ அண்ட் ஓ ஹோட்டலைத் தொடங்கிய சார்கீஸ் சகோதரர்கள் ஈரானின் இஸ்பஹான் அருகே உள்ள புது ஜூல்ஃபாக்காரர்கள்.