கேள்வி பதில்: கர்ப்பம், கருத்தரிப்பு, தொற்று – ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

பெண்களின் இனப்பெருக்க உறுப்புத் தொற்றுகள், கர்ப்பகாலத் தொற்றுகள் பற்றி வந்த கேள்விகளுக்கு லேப் பக்கத்திலிருந்து பதில்கள் இவை. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் மருத்துவரின் பொறுப்பு.

கேள்வி: எனக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சிடுச்சு மேடம். டார்ச் டெஸ்ட்ல ரூபெல்லா, சிஎம்வி, ஹெர்பிஸ் மூணுக்கும் ஐஜிஜி பாசிட்டிவ். ஐஜிஎம் எல்லாம் நெகட்டிவ். "இந்த இன்ஃபெக்ஷனாலதான் நிக்கல"ன்னு சொல்றாங்க. மருந்து சாப்பிடணுமா?

இந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த மருந்தும் வேண்டாம். ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள்; பொதுவாக ஐஜிஎம் முதலில் எழும், ஐஜிஜி பின்னால் வந்து நிலைக்கும். ஐஜிஜி என்பது பழைய வருகைப் பதிவேடு. அந்தக் கிருமி (அல்லது அதன் தடுப்பூசி) என்றோ ஒருநாள் உடம்புக்குள் வந்து போனதை மட்டும் அது சொல்கிறது. ரூபெல்லாவுக்கு (ஜெர்மன் தட்டம்மை) ஐஜிஜி இருப்பது நல்ல செய்தி: அடுத்த கர்ப்பத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறது. சிஎம்வி (சைட்டோமெகலோ என்ற வைரஸ்) நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. ஹெர்பிஸ் முதல் வகை, காய்ச்சலோடு உதட்டில் கொப்புளமாக வருவதுதான். பல லேப்கள் இரண்டு வகைகளையும் பிரிக்காமல் ஒரே எண்ணாகக் கொடுப்பதால் அந்த பாசிட்டிவுக்குப் பெரிய பொருள் கிடையாது.

டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சிஎம்வி, ஹெர்பிஸ் போன்ற தொற்றுகளைச் சேர்த்து 'டார்ச்' என்ற பெயரை 1971இல் நாமியாஸ் என்ற மருத்துவரின் குழுவினர் வைத்தது, கருவிலேயே தொற்று வாங்கிப் பிறக்கும் பச்சிளங்குழந்தைகளுக்காக. கலைந்த கருவுக்குக் காரணம் தேட அதை உருவாக்கவில்லை. கர்ப்பத்தின்போது முதன்முறையாக வரும் தொற்று அந்த ஒரு கர்ப்பத்தைக் கெடுக்கலாம். பழைய தொற்று திரும்பத் திரும்பக் கருவைக் கலைப்பதில்லை. அந்தப் பணத்தை ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் (உடம்பின் சொந்தக் கொழுப்புக்கு எதிராக உண்டாகி ரத்தத்தைக் கட்டவைப்பவை; பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடியும்), தைராய்டு, கர்ப்பப்பையின் அமைப்பைப் பார்க்கும் ஸ்கேன் ஆகியவற்றுக்குச் செலவிடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இப்ப 10 வாரம். டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி, ஐஜிஎம் ரெண்டுமே பாசிட்டிவ். கலைச்சிடச் சொல்றாங்க, ரொம்ப பயமா இருக்கு.

இந்த ஒரு தாளை வைத்து அந்த முடிவுக்குப் போகக் கூடாது. டாக்ஸோ பூனையின் மலம் வழியாகவும் பரவும் ஒட்டுண்ணி; அதன் ஐஜிஎம் சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கும். தொற்று எப்போது வந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விடை. அதற்கு 'அவிடிட்டி' பரிசோதனை இருக்கிறது.

ஒரே ரத்தத்தை இரண்டு குழிகளில் விடுவார்கள். ஒன்றைச் சாதாரணக் கரைசலிலும் மற்றதை யூரியா கலந்த கரைசலிலும் கழுவுவார்கள். புதிதாக உண்டான எதிர்ப்பொருள் கிருமியின் புரதத்தை இறுகப் பிடிக்காது, யூரியா பட்டதும் கழன்றுவிடும். மாதங்கள் போகப் போகப் பிடி இறுகும், யூரியாவுக்கும் அசையாது. இரண்டு குழிகளின் அளவை ஒப்பிட்டுச் சதவீதமாகக் கொடுப்பதே அவிடிட்டி.

10 வாரத்தில் எடுத்த ரத்தத்தில் அவிடிட்டி அதிகம் என்றால், தொற்று வந்து குறைந்தது நான்கு மாதமாவது ஆகியிருக்கும். அதாவது கரு தங்குவதற்கு முன்பே வந்தது. இதே சோதனையை 24ஆம் வாரத்தில் செய்தால் அந்த உறுதி கிடைக்காது. எனவே நாள் கடத்தாதீர்கள். அவிடிட்டி குறைவு என்று வந்தாலும் 'புதுத் தொற்று' என்று முடிவு கட்ட வேண்டாம், சிலருக்குப் பிடி இறுக நீண்ட காலம் ஆகும். அப்போது 2–3 வாரம் கழித்து இன்னொரு மாதிரி எடுத்து, லேப் பாதுகாத்து வைத்த முதல் மாதிரியோடு ஒரே நேரத்தில், ஒரே கருவியில் ஓட்ட வேண்டும். வேறு வேறு லேபின் எண்களை ஒப்பிடுவது வீண்.

ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ் என்றால்? இரண்டு, மூன்று வாரத்தில் ஐஜிஜி எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் அந்த ஐஜிஎம் பெரும்பாலும் பொய். வீட்டுப் பூனையை விரட்டிவிடாதீர்கள், பாவம். சரியாக வேகாத இறைச்சி, மண்ணோடு வரும் கழுவாத கீரை வழியாகவும் இது வரும்.

கேள்வி: கர்ப்பமா இருக்கேன். விடிஆர்எல் ரியாக்டிவ் 1:2, டிபிஎச்ஏ நெகட்டிவ். வீட்ல பெரிய பிரச்சினையாகிடுச்சு. எனக்கு சிபிலிஸ் இருக்கா?

இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும்.

சிபிலிஸ் உடலுறவால் பரவும் நோய். ஆனால் விடிஆர்எல் சிபிலிஸ் கிருமியைத் தேடுவதில்லை. மாட்டின் இதயத்திலிருந்து எடுக்கும் கார்டியோலிபின் என்ற கொழுப்பைக் கண்ணாடித் தகட்டில் உங்கள் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கலந்து, துகள்கள் பால்போல் திரிந்து கட்டியாகின்றனவா என்று பார்க்கிறது. சிபிலிஸில் திரியும். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) போன்ற நிலைகளிலும் திரியலாம். இப்படி வரும் பொய் பாசிட்டிவ் பெரும்பாலும் 1:8க்குக் கீழேயே நிற்கும். 1:8 என்றால் சீரத்தை எட்டு மடங்கு நீர்த்த பிறகும் திரிகிறது என்று பொருள்; இந்த எண்தான் டைட்டர், 1:2, 1:4, 1:8 என ஒவ்வொரு படியும் இரட்டிப்பாகும். டிபிஎச்ஏ அந்தக் கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடுவது. அது நெகட்டிவ் என்பதால் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. தொற்று வந்த முதல் சில வாரங்களில் டிபிஎச்ஏ வராமல் இருக்கலாம் என்பதால் 2–4 வாரம் கழித்து இரண்டையும் ஒருமுறை திரும்பச் செய்தால் போதும்.

உங்களுக்கு முன்பு கரு கலைந்தோ ரத்தக்கட்டு வந்தோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயிலும் உடம்பு உண்டாக்குவது இதே கொழுப்புக்கு எதிரான பொருளைத்தான். பொய் விடிஆர்எல் சில நேரம் அந்த நோய்க்கு முதல் தடயமாக இருக்கும்.

டிபிஎச்ஏ பாசிட்டிவ் ஆனவர்களுக்கு ஒரு சொல்: சிகிச்சைக்குப் பிறகும் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். குணமானதை விடிஆர்எல் டைட்டர்தான் காட்டும். 1:32 இருந்தது 1:8 ஆனால், அதாவது இரண்டு படி இறங்கினால், மருந்து வேலை செய்கிறது. 1:32 இருந்தது 1:16 ஆனதை இறக்கமாகக் கணக்கில் எடுக்க முடியாது. கை மாறினாலே ஒரு படி மாறும். கர்ப்பத்தில் இதற்குப் பென்சிலின் ஒன்றுதான் மருந்து. கணவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும், இல்லாவிட்டால் தொற்று திரும்ப வரும்.

கேள்வி: லேப் டெக்னீஷியன் கேட்கிறேன். ஒரே சீரத்தில் விடிஆர்எல் காலையில் 1:4, மாலையில் நான்-ரியாக்டிவ். தவறு எங்கே?

முதலில் அறை வெப்பம். 23–29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏசி அறையில் அதற்குக் கீழே போனால் வினை மந்தமாகும். அடுத்து, சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினீர்களா? சூடாக்கி 4 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி 10 நிமிடம் சூடாக்க வேண்டும். மாலை மாதிரியில் பலரும் தவறவிடுவது இதைத்தான். ஆன்டிஜன் கலவை (கார்டியோலிபின் கரைசல்) அன்றைக்குக் கலக்கியதா, ஊசியிலிருந்து மில்லிக்கு 60 சொட்டு விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். தகட்டில் 50 மைக்ரோலிட்டர் சீரம், சுழற்சி நிமிடத்துக்கு 180, நேரம் 4 நிமிடம். ஆர்பிஆர் கார்டு (விடிஆர்எல் போலவே அட்டையில் செய்யும் சோதனை) என்றால் 100 சுழற்சி, 8 நிமிடம். அதற்குச் சூடாக்கும் வேலையும் இல்லை, மைக்ராஸ்கோப்பும் வேண்டாம். மேலே ஈரமான மூடி இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து திரிந்தது போலவே தெரியும்.

இன்னொரு பொறி 'புரோசோன்'. இரண்டாம் கட்ட சிபிலிஸில் எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருக்கும்போது துகள்கள் வலைபோலக் கோத்துக்கொள்ளாமல் தனித்தனியே நிற்கும். நேர்த்தியான நெகட்டிவாகத் தெரியாமல் லேசாகச் சொரசொரப்பாகத் தெரிந்தால் விடாதீர்கள். 1:16 வரை நீர்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் தடிப்பு (இரண்டாம் கட்டத்தின் அடையாளம்) என்று குறிப்பு வந்த மாதிரியை நீர்க்காமல் நெகட்டிவ் கொடுப்பது குற்றத்துக்குச் சமம்.

கேள்வி: வெள்ளைப்படுதல், அரிப்பு. எந்த ரத்த டெஸ்ட் எடுக்கணும்?

எதுவும் வேண்டாம். பூஞ்சை, ட்ரைக்கோமோனாஸ், பாக்டீரியல் வஜினோசிஸ் மூன்றுக்கும் கசிவைத்தான் பார்க்க வேண்டும். பிஎச் தாள் (4.5க்கு மேல் என்றால் பூஞ்சை இருக்க வாய்ப்பு குறைவு), ஒரு சொட்டு சலைன், ஒரு சொட்டு 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, மைக்ராஸ்கோப். பத்து நிமிட வேலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது. கர்ப்பப்பை வாயிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும்.

கேள்வி: எச்எஸ்ஜி படத்துல (சாயம் செலுத்தி எடுக்கற கருக்குழாய் எக்ஸ்ரே) ரெண்டு கருக்குழாயும் அடைப்பு. கிளமிடியா ஐஜிஜி பாசிட்டிவ். டிபி கோல்டும் பாசிட்டிவ். டிபி மருந்து ஆரம்பிக்கலாமா?

இரண்டையும் தனித்தனியே பார்ப்போம். கிளமிடியா உடலுறவால் பரவும் பாக்டீரியா; அதன் ஐஜிஜி, கருக்குழாய்க் கதையின் கடந்த காலம். அளவு கூடக் கூட குழாய் பழுதுபட்டிருக்கும் வாய்ப்பும் கூடும்; ஆனால் இப்போது தொற்று இருக்கிறதா என்பதை அது சொல்லாது. நுரையீரலைத் தாக்கும் கிளமிடியா இனமும் சில கிட்டுகளில் பாசிட்டிவ் காட்டிவிடும். இப்போதைய தொற்றுக்குப் பிறப்புறுப்பு ஸ்வாப் அல்லது சிறுநீரில் பிசிஆர் வகைச் சோதனை.

டிபி கோல்டு போன்ற இக்ரா ரத்தச் சோதனையும், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூவும், உடம்பு காசநோய்க் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. கர்ப்பப்பையில் நோய் இருக்கிறது என்பதற்கு இல்லை. நம் நாட்டில் கிருமியைச் சந்தித்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஐஜிஜி, ஐஜிஎம் பார்க்கும் டிபி ரத்தக் கிட்டுகளை இந்தியா 2012இலேயே தடை செய்துவிட்டது. யாராவது அப்படி ஒரு ரிப்போர்ட்டை நீட்டினால் அதை ஓரமாக வையுங்கள்.

வேண்டியது கர்ப்பப்பை உள்சவ்வின் திசு. மாதவிலக்குக்குச் சற்று முந்தைய நாட்களில் எடுத்தால் அகப்பட வாய்ப்பு கூடும். எடுத்த திசுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி ஃபார்மலினில் நுண்திசு ஆய்வுக்கும், மறுபாதி சலைனில் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) சிபிநாட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடுவது) போக வேண்டும். முழுத் திசுவையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் முளைக்காது. திசு எடுக்கப் போகும் அன்று "சலைன் பாட்டில் தனியா இருக்கா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். தப்பே இல்லை.

கேள்வி: முடி கொட்டுதுன்னு பயோட்டின் 10 மில்லிகிராம் தினமும் எடுக்கறேன். செக்கப்புக்கு முன்னாடி நிறுத்தணுமா?

நல்ல கேள்வி, யாரும் கேட்பதில்லை. பல தானியங்கிக் கருவிகள் பயோட்டின் என்ற இந்த வைட்டமினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதந்தால், ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜன் மாதிரியான சோதனைகளில் பாசிட்டிவ் கூட நெகட்டிவாகத் தெரியலாம். தைராய்டு எண்களும் குழம்பும். குறைந்தது 2–3 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள், ஊசி போடுபவரிடமும் சொல்லுங்கள். அண்மையில் ரத்தமோ இம்யூனோகுளோபுலின் ஊசியோ ஏற்றியிருந்தாலும் சொல்ல வேண்டும். அடுத்தவரின் ஐஜிஜி உங்கள் ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: முதுநிலை மாணவி. குழந்தையின்மைக்கு வரும் பெண்களிடம் கிளமிடியா ஐஜிஜி ஆய்வு செய்யப் போகிறேன். எலைசாவில் (குழித் தட்டில் நிற மாற்றத்தை வைத்து எதிர்ப்பொருளை அளக்கும் முறை) எதைக் கவனிக்க வேண்டும்?

ஒப்பீட்டுக் குழுவை முதலில் முடிவு செய்யுங்கள். ஐஜிஜி வயதோடு ஏறும். 32 வயதுப் பெண்களை 22 வயதுக் கர்ப்பிணிகளோடு ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது வயதாகிவிடும்.

மாதிரி: 3–5 மில்லி ரத்தம், அரை மணி நேரம் உறையவிட்டு, சுழற்றிப் பிரித்த சீரத்தை 0.5 மில்லி குப்பிகளில் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர் ஆகாது; அது அடிக்கடி சூடாகிக் குளிரும், எதிர்ப்பொருள் சிதையும். நோயாளிகள் மாதிரியை ஒரு தட்டிலும் ஒப்பீட்டு மாதிரியை இன்னொரு தட்டிலும் ஓட்டாதீர்கள். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு குழுவின் மாதிரிகளும் தனித்தனிக் குழிகளில் இருக்கட்டும். வெட்டுப்புள்ளிக்கு (பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் எல்லை) 10 சதவீதம் மேலும் கீழும் விழுந்தவற்றை இரட்டைக் குழியில் திரும்பச் செய்யுங்கள். கழுவுவதில் சோம்பல் பட்டால் தட்டு முழுக்க மஞ்சள் பூக்கும்.

பிறகு கணக்கு. உதாரணத்துக்கு, 1000 பெண்களில் உண்மையில் 20 பேருக்குத்தான் இருக்கிறது என்போம். கிட்டின் நுட்பம் (இருப்பவரைப் பிடிப்பது), தனித்தன்மை (இல்லாதவரை நெகட்டிவ் என்று காட்டுவது) இரண்டும் 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20இல் 19 பேர் பிடிபடுவார்கள். மீதி 980இல் 49 பேர் பொய்யாகப் பாசிட்டிவ். ஆக 68 பாசிட்டிவில் உண்மை 19. '6.8 சதவீதம்' என்று எழுதிவிட்டால் நிஜத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். திருத்தம் எளிது: தோன்றும் விகிதத்தோடு தனித்தன்மையைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள் (0.068 + 0.95 − 1 = 0.018). நுட்பத்தையும் தனித்தன்மையையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள் (0.9). முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.02, அதாவது 2 சதவீதம்.

இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரிந்ததும் பெண்களின் சீரத்தில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி சென்னையில் சேகரித்து வேலூர் சிஎம்சியில் சோதித்த மாதிரிகள் அவை. எலைசாவோடு நிறுத்தாமல் வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் உறுதி செய்தார்கள்.

கேள்வி: ரூபெல்லா ஐஜிஜி 4 தான். 7 வாரக் கர்ப்பம். ஊசி போட்டுக்கலாமா?

4 என்பது பாதுகாப்புக்குப் போதாது; ஆனாலும் ஊசி இப்போது கூடாது, அது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. பிரசவம் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், தாய்ப்பால் கொடுக்கலாம். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை காய்ச்சலும் தடிப்புமாக இருப்பவர்களிடமிருந்து தள்ளி இருங்கள்.

கேள்வி: எனக்கு சிபிலிஸ் சிகிச்சை முடிஞ்சது, டைட்டர் 1:8. பிறந்த குழந்தைக்கு 1:2. குழந்தைக்கும் இருக்கா?

உங்கள் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போயிருக்கும். உங்களுடையதைவிட இரண்டு படி அதிகமாக, அதாவது 1:32 ஆக இருந்தால் அது கவலை. 1:2 என்பதை வைத்து மட்டும் 'இல்லை' என்றும் சொல்ல முடியாது: குழந்தையைப் பரிசோதித்து, உங்கள் சிகிச்சை பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே முடிந்ததா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார். உங்களிடமிருந்து வந்ததாக மட்டும் இருந்தால் சில மாதங்களில் தானாக மறையும். தொப்புள்கொடி ரத்தத்தில் செய்திருந்தால் அதில் உங்கள் ரத்தம் கலந்திருக்கலாம். குழந்தையின் நரம்பிலிருந்து எடுத்துத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: இதுக்கெல்லாம் வெறும் வயித்துல போகணுமா?

தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். நெய் மிதக்கும் பிரியாணிக்கு அடுத்த மணி நேரம் மட்டும் வேண்டாம். சீரம் பால் போல வந்துவிட்டால் சில கருவிகள் படிக்காது, மறுபடி ஊசி குத்த வேண்டிவரும்.