−200, +170: சனிக்கிழமைச் சண்டைக்குக் காசு கட்டும் முன்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்துப் பிரம்ப்டனில் வேர்ஹவுஸ் வேலை, நாட்டுக்கு வந்து சில மாதங்கள். சனிக்கிழமை யூ.எஃப்.சி. (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி) சண்டை என்றால் கூட வேலை செய்யும் பெடியள் எல்லோரும் இடைவேளையில் போனை எடுத்துப் பந்தயக் காசு கட்டுகிறார்கள். திரையில் நிற்கும் −200, +170 என்ற எண்கள் விளங்கவில்லை. 'ஸ்ட்ரெயிட் பெட் மட்டும் போடு' என்கிறார்கள், அது என்னவென்று தெரியவில்லை. இது சட்டப்படி சரியா, நானும் கட்டலாமா?

முதலில் சட்டம். கனடாவில் 2021 ஆகஸ்ட் 27 வரை, குதிரைப் பந்தயம் தவிர, தனியாக ஒரே ஒரு போட்டிக்குச் சட்டப்படி காசு கட்ட வழியே இருக்கவில்லை. மாகாண லொத்தரில் பல போட்டிகளைச் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒன்று பிழைத்தாலும் முழுக்காசும் போச்சு. அந்தச் சட்டம் மாறிய பிறகு, ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் செயலிகளும் உரிமத்தோடு நடக்கின்றன. 19 வயது ஆகியிருக்க வேண்டும், மாகாணத்துக்குள் நின்று கட்ட வேண்டும். செயலியில் ஐகேமிங் ஒன்ராறியோ (இணையச் சூதாட்டத்துக்கான மாகாண அமைப்பு) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிட்டப் போகாதீர்கள். வென்ற காசை அவன் தராமல் விட்டால் இங்கே யாரிடமும் போய் முறையிட முடியாது.

சரி, எண்களுக்கு வருவோம். கழித்தல் குறியோடு நிற்பவர் வெல்லுவார் என்று எதிர்பார்க்கப்படுபவர். −200 என்றால் 100 டொலர் லாபம் பார்க்க 200 டொலர் கட்ட வேண்டும். கூட்டல் குறியோடு நிற்பவர் தோற்பார் என்று எதிர்பார்க்கப்படுபவர். +170 என்றால் 100 கட்டி அவர் வென்றால் 170 லாபம், கட்டிய 100-உம் சேர்ந்து 270 கைக்கு வரும். அமெரிக்க முறை தலையைச் சுற்றினால் செயலியின் அமைப்புகளுக்குள் போய்த் தசம முறைக்கு மாற்றிவிடுங்கள். அதே இரண்டு விலையும் 1.50, 2.70 என்று வரும். கட்டும் தொகையை அதால் பெருக்கினால் மொத்தமாகத் திரும்பி வருவது எவ்வளவு என்று தெரியும்.

இனிச் சொல்வதைத்தான் நீங்கள் முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றை அந்தத் தசம எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.50-க்கு 66.7 வீதம் வரும், 2.70-க்கு 37 வீதம் வரும். இரண்டையும் கூட்டினால் 103.7. ஒருவர்தானே வெல்லப் போகிறார், 100-க்கு மேல் எப்படிப் போகும்? அந்த மேலதிக 3.7-தான் நிறுவனத்தின் பங்கு. யார் வென்றாலும் அது விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே 'யார் வெல்லுவான்?' என்ற கேள்வி மட்டும் போதாது. −200 விலையில் நிற்பவர் மூன்று தரம் சண்டை பிடித்தால் இரண்டு தரம் வென்றால்தான் உங்கள் காசு தேயாமல் நிற்கும். அதைவிடக் கூடுதலாக வெல்லுவாரா என்பதே கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் கட்டாதீர்கள்.

பெரிய பெயர்களுக்கு வரும் விலை இன்னும் மோசம். −1000 என்றால் 100 டொலர் கட்டினால் பத்தே பத்து டொலர்தான் லாபம். 2007 ஏப்ரலில் ஹூஸ்டனில் மொன்றியல்காரர் ஜோர்ஜ் சென்-பியேர் உலகப் பட்டத்தோடு மட் செராவை எதிர்த்து இறங்கினார். செரா வெல்லுவார் என்று அநேகமாக யாருமே நினைக்கவில்லை. முதல் சுற்றிலேயே சென்-பியேர் அடிபட்டு விழுந்தார். சின்னக் கையுறை போட்டுக்கொண்டு அடிக்கும் விளையாட்டு இது, ஒரு குத்துப் போதும்.

ஸ்ட்ரெயிட் பெட் என்பது ஒரு சண்டை, ஒரு முடிவு, ஒரு தொகை. யார் வெல்லுவார் என்று கட்டுவது மணிலைன். எத்தனை சுற்றுப் போகும் என்றும் கட்டலாம். 2.5 சுற்றுக்கு மேல் என்று கட்டினால் மூன்றாவது சுற்றில் இரண்டரை நிமிடம் தாண்ட வேண்டும், ஏனென்றால் ஒரு சுற்று ஐந்து நிமிடம். சாதாரணச் சண்டை மூன்று சுற்று, பட்டச் சண்டையும் அன்றைய முதன்மைச் சண்டையும் ஐந்து சுற்று. நொக்கவுட்டா, பிடிபோட்டுச் சரணடைய வைத்தா, நடுவர் தீர்ப்பா என்று முடியும் விதத்துக்கும் கட்டலாம்; லாபம் கூட, வெல்வது கஷ்டம். சண்டை சமநிலையில் முடிந்தால் மணிலைன் காசைப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள், ஆனால் சமநிலையையும் ஒரு தெரிவாக விற்கும் பந்தயத்தில் தரமாட்டார்கள். விதிமுறைப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கட்டுங்கள். 2024 ஜனவரியில் ரொறன்ரோவில் ஸ்ட்ரிக்லண்ட் - டு பிளெசி பட்டச் சண்டை ஐந்து சுற்றும் போய், மூன்று நடுவர்களில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்று டு பிளெசிக்குக் கிடைத்தது. சண்டையைச் சரியாகக் கணித்தவர்களும் அன்றைக்குத் தோற்றிருக்கலாம்.

உங்கள் நண்பர்கள் ஸ்ட்ரெயிட் பெட் மட்டும் போடு என்று சொன்னது நல்ல புத்தி. செயலி உங்களைத் தள்ளுவது பார்லே பக்கம், அதாவது பல சண்டைகளை ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டும் பந்தயம். 1.50 விலையில் நாலு பேரைச் சேர்த்தால் பத்து டொலருக்கு ஐம்பது வரும் என்று மின்னும். நாலு பேரும் வெல்ல வேண்டும். நிறுவனத்தின் பங்கும் நாலு தரம் பெருகும்: தனிப் பந்தயத்தில் நூறுக்கு மூன்றரை டொலரளவில் (103.7-இல் 3.7) போவது, இங்கே பதின்மூன்றைத் தாண்டும்.

சண்டைக்குச் சில மணி நேரத்துக்கு முன் விலை திடீரென்று ஓடினால் அதன் பின்னால் போகாதீர்கள். 2022 நவம்பரில் லாஸ் வேகஸில் டரிக் மின்னர் என்ற வீரரின் சண்டைக்கு அப்படித்தான் விலை நகர்ந்தது. அவர் முதல் சுற்றிலேயே தோற்றார், காயத்தை மறைத்துக்கொண்டு இறங்கியது பிறகு தெரியவந்தது. அதையொட்டி ஒன்ராறியோவின் மதுபான, சூதாட்ட ஆணையம் யூ.எஃப்.சி. பந்தயத்தையே டிசம்பரில் நிறுத்தி, அடுத்த மாதம்தான் திரும்பத் திறந்தது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

நீங்கள் கட்டலாமா? வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் படிப்புக் கடனும் போன பிறகு, தொலைந்தாலும் கவலைப்படாத தொகை ஒன்று மிஞ்சினால் கட்டலாம். மிஞ்சாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். வந்த புதிதில் தனிமை கூட, அந்தத் தனிமையில் இது பிடித்துக்கொள்ளும். அதுதான் எனக்குப் பயம். கடனட்டையால் போடவே வேண்டாம். பல வங்கிகள் அதைக் கைக்காசு எடுத்த கணக்கில் சேர்த்து அன்றைக்கே வட்டி போடத் தொடங்கிவிடும். கணக்குத் திறந்த கையோடு வைப்பு வரம்பைப் போடுங்கள், உரிமம் உள்ள எல்லாச் செயலிகளிலும் அந்த வசதி இருக்கிறது. 'உன் பெயரில் எனக்கும் கட்டு' என்று யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், கணக்கு முடங்கினால் உங்கள் காசும் சேர்ந்து முடங்கும். கை மீறுவது போலத் தெரிந்தால் கொனெக்ஸ் ஒன்ராறியோ என்ற உதவித் தொலைபேசிச் சேவையோடு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம்.

விலை ஏதும் குழம்பினால் இரண்டு பேருடைய எண்களையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.